சான் பிரான்சிஸ்கோ கடலோரத்தில் பழைய காலத்துக் காலைச் சாப்பாட்டுக் கடை: அப்பா, அம்மாவை எங்கே கூட்டிப் போகலாம்?

கொற்கையான்:

வணக்கம் மக்களே. தூத்துக்குடியிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்து மூன்று வாரம் ஆகிறது, ஃப்ரீமான்ட்டில் எங்கள் வீட்டில்தான் இருக்கிறார்கள். கோல்டன் கேட் பாலம், லிவர்மோர் கோயில், காஸ்ட்கோ என்று வழக்கமான சுற்றுலா எல்லாம் முடிந்துவிட்டது. அப்பா துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டைகளை ஐந்து ஐந்தாகக் கோடு போட்டு எண்ணுகிற வேலை. வந்த நாளிலிருந்து அவருக்கு ஒரே கேள்விதான்: "இங்கயும் ஹார்பர் இருக்குல்ல, அங்க வேலை பாக்கிறவன் காலைல எங்கடே சாப்பிடுறான்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பன்னிரண்டு வருடமாக இங்கே இருக்கிறேன், எம்பார்க்கடேரோ என்கிற அந்தக் கடலோரச் சாலைப் பக்கம் ஆபீஸ் பார்ட்டிக்குப் போனதோடு சரி.

எனக்கு வேண்டியது கண்ணாடிக் கதவு போட்ட, முட்டைக்கு மேல் பூ வைத்துக் கொடுக்கிற இடம் இல்லை. நீளமான கவுண்டர், சுழலும் ஸ்டூல், கண்முன்னே கல்லில் சமைக்கிற ஆள், ஜன்னலுக்கு வெளியே தண்ணீர். அப்படி ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

இன்னும் இரண்டு சிக்கல். அம்மா சுத்த சைவம், முட்டையும் கிடையாது. போன வாரம் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கடையில் (பெயர் வேண்டாம்) உருளைக்கிழங்கு மட்டும் போதும் என்று சொல்லி வாங்கினோம். அம்மா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "என்னடா, கருவாட்டு வாசம் மாதிரி அடிக்குது" என்றார். பார்த்தால் அதே கல்லில், அதே கொழுப்பில், பக்கத்திலேயே பேக்கன் (பன்றிக்கறி) வறுபட்டுக்கொண்டிருக்கிறது. அன்றைக்கு முழுக்க அம்மா தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லை. அப்பா முட்டை சாப்பிடுவார், மாடு, பன்றி கிடையாது. அங்கே அவர் தைரியமாக "ஹாஃப் பாயில்" என்று கேட்டார், ஓட்டோடு ஒரு அவித்த முட்டையைச் சின்னக் கிண்ணத்தில் நிறுத்தி வைத்துக் கொடுத்தார்கள். அவர் அதைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

மிஷன்தெருக்காரன்:

தம்பி, உங்கள் அப்பா கேட்டது சரியான கேள்வி. பதில் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், பியர் 30 என்று ஒரு இடம் இருக்கிறது. பியர் என்றால் இங்கே படகுத்துறை, பாட்டில் இல்லை (இருந்தாலும் பாட்டிலுக்கும் வருகிறேன்). பே பிரிட்ஜுக்குத் தெற்கே, தண்ணீரை ஒட்டி, வெள்ளை அடித்த ஒரு சின்னக் கட்டடம். பெயர் ரெட்ஸ் ஜாவா ஹவுஸ். 1930களில் வந்தபோது ஃபிராங்கோஸ் லஞ்ச் என்று பெயர். 1955ல் டாம், மைக் என்ற மெக்கார்வி சகோதரர்கள் வாங்கினார்கள். டாமுக்குத் தலைமுடி சிவப்பு, அதனால் கடை ரெட்ஸ் ஆனது. ஜாவா என்றால் இந்த ஊர்ப் பழைய பேச்சில் காபி, நம் ஆட்கள் சாவகம் என்று சொன்ன அதே தீவின் பெயர்தான். பியர் 40லும் ஒரு ஜாவா ஹவுஸ், அது இன்னும் பழசு, 1912ல் ஆரம்பித்தது.

ரெட்ஸின் பேர்போன ஜோடி, புளிப்பு ரொட்டியில் வைத்த இரட்டை சீஸ் பர்கரும் ஒரு பாட்டில் பீரும். இலை, தக்காளி எதுவும் கிடையாது. காலையிலேயே பீரா என்று முகம் சுளிக்க வேண்டாம். ராத்திரி ஷிஃப்ட் முடித்து வருகிறவனுக்குக் காலை ஏழு மணிதான் சாயங்காலம்.

ஆனால் அப்பாவிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். அங்கே சாப்பிட்ட துறைமுகத் தொழிலாளி இப்போது அங்கே இல்லை. 1960களில் கண்டெய்னர் வந்தது. பெட்டியை இறக்கி அடுக்கப் பரந்த தரை வேண்டும், ரயில் வேண்டும். விரல் விரலாகத் தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற சான் பிரான்சிஸ்கோவின் துறைகளில் அதற்கு இடம் ஏது? சரக்கு பெரும்பாலும் எதிர்க்கரைக்கு, ஓக்லாந்துக்குப் போய்விட்டது. உங்கள் அப்பா மாதிரி மூட்டை எண்ணுகிறவர்களுக்கும் அத்தோடு வேலை குறைந்தது. இப்போது ரெட்ஸில் ஐ.டி. ஆட்கள், சைக்கிள் ஓட்டுகிறவர்கள், மேட்ச் அன்றைக்கு ஜயன்ட்ஸ் பேஸ்பால் அணியின் ரசிகர்கள். மைதானம் கூப்பிடு தூரம்தான்.

அப்புறம் இன்னொரு விஷயம், துறைமுகத்து மனிதர் என்பதால் சொல்கிறேன். 1934க்கு முன்னால் இங்கே தினமும் விடியற்காலையில் ஃபெரி பில்டிங் முன்னால் ஆட்கள் கூடி நிற்க வேண்டும், கங்காணி வந்து நீ வா, நீ போ என்று விரலை நீட்டுவான். அவனுக்குக் கையூட்டு கொடுத்தவனுக்கு வேலை. அந்த வருடம் மே மாதம் மேற்குக்கரைத் துறைமுகங்கள் முழுக்க வேலைநிறுத்தம், ஹாரி பிரிட்ஜஸ் என்ற ஆஸ்திரேலியக்காரர் முன்னணியில். ஜூலை 5ஆம் தேதி போலீஸ் சுட்டதில் இரண்டு பேர் செத்தார்கள். ஒருவர் துறைமுகத் தொழிலாளி ஹோவர்ட் ஸ்பெர்ரி. இன்னொருவர் நிக் போர்டாய்ஸ், அவர் சமையல்காரர். சமையல்காரர்கள் சங்கத்து ஆள், வேலைநிறுத்தக்காரர்களுக்காக நடந்த சமையற்கூடத்தில் உதவிக்கொண்டிருந்தவர். மிஷன் தெருவும் ஸ்டூவர்ட் தெருவும் சந்திக்கிற இடத்தில் நடந்தது, எம்பார்க்கடேரோ ஸ்டேஷனில் இறங்கினால் பக்கம்தான். அப்பாவை அங்கே கொஞ்சம் நிறுத்திக் காட்டுங்கள். கடற்கரையை மறைத்துக்கொண்டு முன்பு இரண்டடுக்கு நெடுஞ்சாலை ஓடியது, 1989 நிலநடுக்கத்தில் சேதமாகி 1991ல் இடிக்க ஆரம்பித்தார்கள். அதனால்தான் இன்றைக்கு நீங்கள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நடக்க முடிகிறது.

சுருக்கமாக: ரெட்ஸை வெளியே நின்று பாருங்கள், உங்கள் வீட்டுச் சாப்பாட்டுக்கு அது ஒத்துவராது. சாப்பாட்டுக்கு எஃப் லைன் பழைய டிராம் ஏறி ஃபிஷர்மன்ஸ் வார்ஃப் போங்கள். சுற்றுலாக் கடைகளைத் தாண்டி, நண்டுப் படகுகள் கட்டிக் கிடக்கிற பக்கம் தேடினால் நீங்கள் கேட்ட மாதிரி கவுண்டர் இன்னும் ஒன்றிரண்டு இருக்கும். வார நாளில் எட்டு மணிக்கு முன்னால் போங்கள். சனி, ஞாயிறு என்றால் பிரஞ்ச் (காலையும் மதியமும் சேர்ந்த சாப்பாடு) கூட்டத்தோடு வரிசையில் நின்றே அப்பாவுக்குப் பசி போய்விடும்.

---

அரைவேக்காடு:

என் பெயரைப் பார்த்தாலே தெரிந்திருக்கும், இது என் ஏரியா. எம்.எஸ். படிக்கும்போது ஒரு டைனருக்கு (கவுண்டர் வைத்த சின்னச் சாப்பாட்டுக் கடை) மேல் மாடியில் இரண்டு வருடம் குடியிருந்தேன், காலை வேளையில் வேறு எங்கும் போனதில்லை.

அப்பாவின் ஹாஃப் பாயில் இங்கே "சன்னி சைட் அப்". கல்லில் உடைத்து ஊற்றி, திருப்பாமல், மஞ்சள் கரு தளதளவென்று. நம் ஊர் மாதிரி மிளகும் உப்பும் தூவித் தரமாட்டார்கள், மேசையில் இருக்கும், நாமே தூவிக்கொள்ள வேண்டியது. நாம் "பாயில்" என்றால் அவர்கள் தண்ணீரில் கொதிக்க வைப்பதைத்தான் நினைப்பார்கள், நாமோ பொரிப்பதற்குப் போய் பாயில் என்று பெயர் வைத்திருக்கிறோம். அதனால் உங்கள் அப்பாவுக்குக் கிடைத்தது நிஜமான அரை அவியல் முட்டை, கடைக்காரர்மேல் தப்பில்லை. திருப்பிப் போட்டும் மஞ்சள் கரு ஓட வேண்டும் என்றால் "ஓவர் ஈஸி". நம் ஃபுல் பாயில் என்றால் "ஓவர் ஹார்ட்". பொடிமாஸ் கேட்டால் ஸ்க்ராம்பிள்ட் வரும், ஆனால் ஈரமாக, வெங்காயம் பச்சைமிளகாய் இல்லாமல், காய்ச்சலில் கிடப்பவனுக்குக் கொடுக்கிற மாதிரி. கலக்கியை மறந்துவிடுங்கள், அது நம் சால்னாக் கடையோடு சரி.

ஆர்டர் கொடுத்தபின் கேள்விகள் அம்பு மாதிரி வரும், தயாராகப் போங்கள். முட்டை எப்படி? ரொட்டி எது, வெள்ளையா கோதுமையா ரையா சவர்டோவா (புளிப்பு ரொட்டி)? உருளைக்கிழங்கு துருவலா (ஹாஷ் பிரவுன்ஸ்) துண்டா (ஹோம் ஃபிரைஸ்)? பேக்கனா சாசேஜா? கடைசிக் கேள்விக்கு அப்பா சார்பில் நீங்கள் முந்திக்கொண்டு இரண்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வயதானவர்கள் பழக்கத்தில் எல்லாவற்றுக்கும் "எஸ் எஸ்" என்று தலையாட்டிவிடுவார்கள். ஹாஷ் பிரவுன் கேட்கும்போது "நல்லா முறுகலா" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கள், இல்லையென்றால் மேலே பழுப்பு, உள்ளே வேகாத துருவல்.

காபி பற்றி ஒரு எச்சரிக்கை. கோப்பை காலியாகிற ஒவ்வொரு தடவையும் வந்து ஊற்றுவார்கள், கூடுதல் காசு கிடையாது. போதும் என்றால் கோப்பையின்மேல் உள்ளங்கையை வைத்து மூடுங்கள். வாயால் சொல்லிக்கொண்டிருந்தால் அதற்குள் ஊற்றிவிடுவார்கள். டிகாக்‌ஷன் ருசியை எதிர்பார்க்காதீர்கள். ஒரு கேத்தல் நிறைய வடிகட்டி சூட்டுத்தட்டில் வைத்திருப்பார்கள், நேரம் ஆக ஆகக் கசக்கும். அந்தக் கனமான பீங்கான் கோப்பைக்காகக் குடிக்கலாம், கை நன்றாகச் சூடாகும். ஜூலையிலும் வார்ஃபில் காலையில் குளிர் எலும்பைத் துளைக்கும், ஸ்வெட்டர் கட்டாயம்.

டிப்ஸ் 18லிருந்து 20 சதவீதம். சில கடைகளில் ஊழியர் மருத்துவச் செலவு என்று பில்லில் தனியாக ஒரு சதவீதம் சேர்த்திருப்பார்கள், அது டிப்ஸ் இல்லை. அப்பா கண்ணில் பில்லைக் காட்டாதீர்கள்.

---

சன்னிவேலன்:

இதெல்லாம் தேவையா? ஃப்ரீமான்ட்டிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வரை போய், பார்க்கிங்குக்கு அழுது, இரண்டு முட்டைக்கும் நான்கு துண்டு ரொட்டிக்கும் ஐம்பது அறுபது டாலர். எங்கள் சன்னிவேலில் எல் கமினோ ரோட்டில் எந்தக் கடையில் நுழைந்தாலும் பொங்கல் வடை, அம்மாவுக்கும் நிம்மதி. மிஷன்தெருக்காரர் சொல்கிற ரெட்ஸும் இப்போது தொழிலாளி கடை இல்லை என்று அவரே ஒத்துக்கொள்கிறார். பழைய பலகையை மாட்டிக்கொண்டு புதுப் பணக்காரனுக்கு விற்கிறார்கள், அதற்கு நாம் ஏன் போய் வரிசை நிற்க வேண்டும்?

---

மிஷன்தெருக்காரன்:

@சன்னிவேலன், வேலா, பொங்கல் வடையை அவர் தூத்துக்குடியிலேயே சாப்பிட்டுக்கொள்வார். அதற்கு எதற்கு இருபது மணி நேரம் விமானத்தில் முட்டி மடக்கி உட்கார்ந்து வர வேண்டும்? மற்றபடி பழைய பலகை விஷயம் நியாயம்தான், நான் மறுக்கவில்லை.

---

அடுப்படிஅக்கா:

அம்மாவைப் பற்றி யாரும் பேசவில்லையே, நான் பேசுகிறேன். என் மாமியாரை வைத்துக்கொண்டு இதே ஊரில் பட்டது ஒன்றா இரண்டா.

டைனரில் சைவம் என்ற சொல்லை நம்பிப் பிரயோஜனம் இல்லை தம்பி. தட்டில் கறித்துண்டு இல்லை என்றால் அவர்களைப் பொறுத்தவரை அது சைவம், அவ்வளவுதான். எல்லாம் ஒரே இரும்புக் கல். உருளைக்கிழங்கு, ஆம்லெட், பேன்கேக் எல்லாம் பேக்கன் எண்ணெய் ஓடுகிற அதே இடத்தில்தான் வேகும். அதனால் கல்லில் படுகிற எதுவும் அம்மாவுக்கு வேண்டாம். பேன்கேக், வாஃபிள் இரண்டிலும் மாவிலேயே முட்டை உண்டு. ஃபிரெஞ்ச் டோஸ்ட் சொல்லவே வேண்டாம். பிஸ்கட் என்று ஒன்று வரும், அது நம் பிஸ்கட் இல்லை, பன் மாதிரி இருக்கும், சில இடங்களில் பன்றிக் கொழுப்பு போட்டுப் பிசைவார்கள். அதன்மேல் ஊற்றுகிற வெள்ளை கிரேவியைப் பார்த்து தேங்காய்ப்பால் குருமா என்று ஏமாறாதீர்கள், அதில் பன்றி சாசேஜ் இருக்கும். என் மாமியார் ஒரு ஸ்பூன் அளவுக்குப் போய்விட்டார், நான் தட்டைப் பிடுங்கினேன்.

சரி, என்னதான் சாப்பிடுவது? ஓட்ஸ் கஞ்சி, தண்ணீரிலா பாலிலா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பழக் கிண்ணம். சவர்டோ ரொட்டி, டோஸ்டரில் போட்டது, கல்லில் வாட்டியது இல்லை என்று அழுத்திச் சொல்லுங்கள், வெண்ணெயைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். சவர்டோ பொதுவாக மாவு, தண்ணீர், உப்பு மட்டும்தான், முட்டை கிடையாது. அது அம்மாவுக்குப் பிடிக்கும் பாருங்கள், ஏனென்றால் அது நம் இட்லி மாவு விவகாரம்தான். ஈஸ்ட் பாக்கெட் போடாமல், பழைய மாவைக் கொஞ்சம் எடுத்து வைத்துப் புதுமாவைப் புளிக்க வைப்பது. தங்கவேட்டைக் காலத்திலிருந்தே இந்த ஊருக்கு அதுதான் அடையாளம், அதைப் புளிக்க வைக்கிற ஒரு நுண்ணுயிருக்கு சான் பிரான்சிஸ்கோ பெயரையே சூட்டியிருக்கிறார்கள்.

டீ கேட்டால் வெந்நீரும் ஒரு பையும் வரும். வீட்டிலிருந்து ஒரு ஃபிளாஸ்க் கொண்டுபோங்கள், வெளியே பெஞ்சில் உட்கார்ந்து குடிக்கட்டும்.

---

கொற்கையான்:

எல்லோருக்கும் நன்றி. போய் வந்தோம், அதனால் ஒரு ரிப்போர்ட்.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டேன். பார்ட் ரயிலில் எம்பார்க்கடேரோ இறங்கி, முதலில் மிஷன்-ஸ்டூவர்ட் மூலைக்குக் கூட்டிப்போனேன். அப்பா ஒன்றும் பேசவில்லை. "கங்காணி விரலை நீட்டினதா" என்று மட்டும் ஒரு தடவை கேட்டார், அவருடைய அப்பா தோணியில் மூட்டை சுமந்தவர். பிறகு டிராம் ஏறி வார்ஃப். கடை பெயரைச் சொல்லமாட்டேன், சொன்னால் அடுத்த வாரம் எனக்கே ஸ்டூல் கிடைக்காது. பதினோரு ஸ்டூல், அதில் இரண்டு கிழிந்து டேப் ஒட்டியது. கல்லுக்கு முன்னால் நின்ற ஆள் அறுபது வயது இருக்கும், இரண்டு கையிலும் ஒரே நேரத்தில் முட்டை உடைத்தார், ஒரு ஓட்டுத் துண்டு விழவில்லை. அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார், மெனு கார்டைத் திறக்கவே இல்லை. "சன்னி சைட் அப்" என்று டிராமில் வரும்போதே பத்து தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டவர், பரிமாறுகிற பெண்மணி வந்து நின்றதும் "சன்னி... ஹாஃப் பாயில்" என்றார். நான் குறுக்கிட்டுக் காப்பாற்றினேன். வந்தது சரியான சரக்கு, ரொட்டியைக் கிழித்து மஞ்சள் கருவில் தோய்த்துச் சாப்பிட்டார்.

காபி ஐந்து கோப்பை. கையை வைத்து மூடச் சொல்லியிருந்தேன், மறந்துவிட்டார். ஊற்ற வருகிறவரிடம் வேண்டாம் என்று சொல்வது மரியாதை இல்லை என்று அப்புறம் விளக்கம் வேறு. ராத்திரி இரண்டு மணி வரை தூங்கவில்லை.

அம்மா விஷயத்தில் அடுப்படி அக்கா சொன்னபடியே கேட்டேன். "பேக்கன் வறுக்கிற கல்லில் ரொட்டி படக்கூடாது" என்றதும் அந்தப் பெண்மணி சிரிக்காமல், உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, டோஸ்டர் தனியாக இருக்கிறது, அதிலேயே போடுகிறோம் என்றார். சவர்டோ இரண்டு செட் காலி. முதல் கடி கடித்ததுமே அம்மா சொன்னது, "மாவு ஒரு மணி நேரம் கூடப் புளிச்சிருக்கு". காபியை வாயில் வைத்துவிட்டுக் கழுநீர் என்றார், ஆனால் ரொட்டியைத் தோய்ப்பதற்கு அது போதுமானதாக இருந்தது.

சன்னிவேலனுக்கு: ஆமாம், மூன்று பேருக்கு டிப்ஸ் சேர்த்து 71 டாலர். அப்பாவிடம் முப்பது என்று சொல்லியிருக்கிறேன். அதற்கே திட்டினார்.

நடுவில் ஜன்னலுக்கு வெளியே ஒரு கண்டெய்னர் கப்பல் அல்காட்ராஸ் தீவைத் தாண்டி ஓக்லாந்து பக்கம் போனது. அப்பா என் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். காகித நாப்கினில் நான்கு கோடு, குறுக்கே ஒன்று, நான்கு கோடு, குறுக்கே ஒன்று. கப்பல் மறைகிற வரைக்கும் முட்டை ஆறிக்கொண்டிருந்தது. "வெளிய தெரியறது மட்டும் இருநூத்துப் பதினஞ்சு பெட்டி, கீழ எத்தனை இருக்கோ" என்று கீழே தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டார்.

---

அரைவேக்காடு:

நாப்கினைப் பத்திரமாக வைத்திருக்கிறீர்களா?

---

கொற்கையான்:

அம்மா அதில் மிச்சம் இருந்த ரொட்டியைச் சுற்றி எடுத்து வந்துவிட்டார். வெண்ணெய்க் கறையோடு ஃபிரிட்ஜில் இருக்கிறது.